எட்டாம் சுற்று

பனாபோவில் மழை பெய்வது
எங்களுக்குத் தெரிவதில்லை.
ஜன்னல் இல்லாத அறை. இருபத்தாறு டிகிரி.
பதினாறு மணி நேரம் பகல், எட்டு மணி நேரம் இரவு.
இரண்டையும் சுவர்ப்பெட்டிக்குள் ஒரு சின்னக் கடிகாரம்
போட்டு அணைக்கிறது.

வெளியே, நாலு கிலோமீட்டரில்,
வாடல் நோயில் மஞ்சளாகிச் சரிந்த தோட்டம்.
செருப்பில் ஒட்டிய மண் போதும் என்கிறார்கள்.
அதனால் வாசலில் மருந்துத் தொட்டி,
அதனால் ரப்பர் காலணி,
அதனால் நாங்கள்.

பன்னிரண்டாம் மேஜை ஜெனலின் கபாஹுக்.
கத்தியைச் சாராயத்தில் தோய்த்து, தீயில் காட்டி,
ஆறவிட்டு,
கிழங்கின் குருத்தை உறை உறையாய்க் கழற்றுகிறாள்,
தூங்குகிற பிள்ளையின் ஈரச்சட்டையைக் கழற்றுவதுபோல.
கடைசியில் மிஞ்சுவது ஒரு நொய்யரிசி.
அதை நாலாகப் பிளந்து
கடற்பாசிக் கூழில் நடுகிறாள்.
மண் வேண்டாம், மண்ணில்தான் எமன்.
சர்க்கரை, உப்பு,
பிரி பிரி என்று காதில் ஓதும் ஒரு சொட்டு மருந்து.
நாலு பன்னிரண்டாகும். பன்னிரண்டு முப்பத்தாறாகும்.
அடி என்று எதுவும் இல்லாத வாழைகள்.

பாட்டில்கள் பழையவை. ஒருகாலத்தில்
வாழைப்பழக் கெட்சப் அடைத்து வந்தவை.
கழுவி, அவித்து, படுக்கவைத்திருக்கிறோம்.
சில கழுத்துகளில் இன்னும் லேபிளின் பசை.

காற்றறைக்கு முன்னால் பேசக்கூடாது, மூச்சில் பூஞ்சை.
முகமூடிக்குள் உதடு மட்டும் அசைய
எண்ணுவாள்: உசா, துஹா, துலோ.
ஒரு ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம்.

என் வேலை பதிவேடு.
எட்டாம் சுற்றோடு நிறுத்திவிட வேண்டும்.
அதற்குமேல் வெட்டினால் செடிக்குத் தன் நினைவு தப்பும்.
குட்டையாகும்,
இலையில் வெள்ளைத் தேமல் விழும்,
தார் தொண்டையில் சிக்கி வெளியே வராது.
தேதி பார்த்து, சிவப்பில் கோடு கிழித்து,
தட்டோடு எடுத்து அவித்துவிடுவோம்.

இன்னொரு பதிவேடும் என் மேஜையில்தான்.
அதன் கணக்கு ஐந்து மாதம்.
ஆறைத் தாண்டினால் ஆள் நிரந்தரம், சட்டம் அப்படி.
எனவே ஐந்து.
பேனா தனியாக வாங்கவில்லை.

ஜூலை கடைசி வெள்ளி.
பி-நாற்பத்தொன்று தட்டுக்கும் ஜெனலினுக்கும்
ஒரே நாளில் கோடு விழுந்தது.
கையெழுத்துப் போட்டாள். அட்டையைக் கழற்றினாள்.
பிறகு தட்டைக் காட்டி,
"இதில் ரெண்டு பாட்டில் தருவீங்களா?
நான் வெட்டியதுதான்" என்றாள்.
விதியைச் சொன்னேன்.
விதி நல்ல விதிதான், பிசகு ஒரு தோட்டத்தையே கெடுக்கும்.
அதைச் சொல்லும்போது
அவள் காதோரத்தில் முகமூடி நாடாவின் தழும்பைப் பார்த்தேன்.

அன்று மாலை ஆவிக்கலம் திறந்ததும்
அறை முழுக்கச் சோற்று மணம்.
எனக்குப் பசித்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

அடுத்த ஏழு வாரம்
நெடுஞ்சாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்,
சாபா வாழைக்காயை வெல்லப்பாகில் பொரித்து
குச்சியில் குத்தி விற்றாளாம்.
எங்கள் பாட்டில்கள் கண்டிராத தடித்த, கோணலான வாழை.
ஆறு பெசோவுக்கு ஒன்று கேட்டு
டிரைவர்கள் பேரம் பேசினார்களாம்.

செப்டம்பரில் வந்துவிட்டாள்.
வேறு ஏஜென்சி, புது அட்டை, புது எண்.
இந்தமுறை ஏழாம் மேஜை.
விரலில் எண்ணெய் சுட்ட கொப்புளம்,
உறைக்குள் போனதும் மறைந்தது.
புதுப் பக்கத்தில் எழுதினேன்:
கபாஹுக், ஜெனலின். மாதம் ஒன்று.

எனக்கு நினைவிருக்கிறது,
அவள் இப்படி ஒன்றிலிருந்து தொடங்குவது இது ஆறாம் தடவை.
ஒன்பதில் என்ன ஆவாள்,
இலையில் தேமல் விரியுமா,
எது தொண்டையில் சிக்கும்
என்று குறிக்க அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

கத்தி தீயில் சிவக்கிறது.
முகமூடி அசைகிறது:
உசா.